மூன்றாம் வார்டின் தலைகீழ்க் கடிகாரம்

என் அக்காவுக்குக் கையில் எதையும் கட்டிக்கொள்ளப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்த அத்தனை கூத்துக்கும் இதுதான் காரணம்.

இருபத்தோரு வயதில் பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்தாள். அறுவை சிகிச்சை முடிந்தவர்களைப் போடும் மூன்றாம் வார்டு, முப்பத்திரண்டு கட்டில். முப்பத்தாறு வருடம் அந்த ஒரே வார்டு. வேறு வார்டுக்கு மாற்றியபோதெல்லாம் பெரிய டாக்டர் அறைக்கே போய் நின்று, மாற்றலை ரத்து செய்யவைத்துத்தான் திரும்புவாள். அதனால் தெருவில் அவளுக்குப் பெயரே 'மூணாம் வார்டு' என்றாகிவிட்டது. "மூணாம் வார்டு போகுது பாரு, மணி ஆறே கால்" என்று அவளைப் பார்த்து மணி சொன்னவர்கள் உண்டு.

வேலைக்குப் போனதும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவாள். மணிக்கட்டில் ஒரு நூல் இருந்தால்கூட அதன் அடியில் அழுக்கு குடித்தனம் நடத்தும் என்பது அவள் கட்சி. கல்யாணமான மறுநாளே மோதிரத்தைக் கழற்றிக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். அத்தான் பஸ் டிப்போவில் மெக்கானிக். "எனக்கும் அந்த மோதிரத்துக்கும் ஒரே கதி. டியூட்டி முடிஞ்சாத்தான் எங்கள மதிப்பா" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். அவர் போய்ப் பதினோரு வருடமாகிறது.

கடிகாரமும் அவள் கையில் கட்டியதில்லை. வெள்ளைச் சட்டையின் இடது மார்பில் ஊக்கு மாதிரி குத்திக்கொள்ளும் கடிகாரம் அது. தலைகீழாகத் தொங்கும். எதிரில் நிற்கும் நமக்குப் பன்னிரண்டு கீழே இருக்கும், ஆறு மேலே இருக்கும். அவள் மோவாயைத் தாழ்த்திப் பார்த்தால் நேராக இருக்கும். ஒரு கை நோயாளியின் நாடியில், கண் மார்பில், உதடு மட்டும் சத்தமில்லாமல் எண்ணிக்கொண்டிருக்கும். என் அக்காவை நினைத்தால் எனக்கு இன்றும் அந்தக் கோலம்தான் முதலில் வருகிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. நோயாளிக்குத் துணையாக வந்தவர்கள் இரண்டு நாள் கட்டிலடியிலேயே உட்கார்ந்து கண் சிவந்துபோயிருப்பார்கள். அவர்களிடம் போய், "நான் டியூட்டில இருக்கேன், நீங்க போய்ப் படுங்க" என்பாள். அதை அவள் சொல்லும் விதத்தில் எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரரும் எழுந்துபோய்ப் படுத்துவிடுவார். எங்கள் தெருக்கோடி மருந்துக்கடைக்கார அம்மா தன் அப்பா அங்கே கிடந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் இந்த வாக்கியத்தைச் சொல்லித்தான் முடிப்பார்.

நான் தங்கை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விளக்கு எரியும் துளையில் கயிற்றைச் சொருகி, ஊரையே ஊரோடு பேசவைத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டேன். வாய் கொஞ்சம் நீளம், மூக்கின் மேல் கோபம். என்னை யார் கட்டியிருந்தாலும் அந்த ஆள் மூன்றாம் வார்டில்தான் போய்ப் படுத்திருப்பான் என்பாள் அக்கா.

டியூட்டி நேரத்தில் வீட்டுப் போன் பேசக்கூடாது என்பது அவள் வைத்திருந்த சட்டம். வார்டுக் கோடியில் கறுப்புப் போன் ஒன்று இருந்தது. நான் எக்ஸ்சேஞ்சிலிருந்தே, "அக்கா, நான்தான்" என்று ஆரம்பித்தால் டக்கென்று வைத்துவிடுவாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு நாள் ஆபரேட்டர் குரலையே போட்டேன்.

"வார்டு மூணா? எக்ஸ்சேஞ்ச்."

"வார்டு மூணு. சொல்லுங்க."

"உங்க வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுல இருக்காம். அறிவிக்கச் சொன்னாங்க."

 அதே உத்தியோகக் குரலில், "தகவலுக்கு நன்றி" என்று வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் வீட்டில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அதிலிருந்து பத்துப் பதினைந்து வருடம் இதே விளையாட்டுதான். பால் தீர்ந்தது, அத்தானுக்கு ஜலதோஷம், பையன் பரீட்சையில் தேறினான், எல்லாம் எக்ஸ்சேஞ்ச் வழியாக அறிவிக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் நன்றி. அவள் ஒரு தடவைகூட அங்கே சிரித்ததில்லை. நானும் இங்கே சிரித்ததில்லை. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு நிறைந்துபோகிறது.

நான்கு வருடத்துக்கு முன் அவளுக்கு மறதி ஆரம்பித்தது. முதலில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்கிற மாதிரி மறதி. அது யாருக்குத்தான் இல்லை என்று நானும் அலட்சியமாக இருந்துவிட்டேன். அப்புறம் ஸ்பூன்களையெல்லாம் பாத்திரத்தில் போட்டு மூடி, இருபது நிமிடம் கொதிக்கவைக்க ஆரம்பித்தாள். "கருவியெல்லாம் ரெடி" என்று என்னிடம் வந்து சொன்னபோதுதான் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். டாக்டர் டிமென்ஷியா என்றார். சில நாள் நான் தங்கை, சில நாள் பகல் ஷிஃப்டுக்கு வந்த பெண். இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்குத் திட்டு விழும், அதில் மட்டும் மாற்றமில்லை.

போன மாதம் ஒரு காலை அவள் ஆஸ்பத்திரி இருந்த இடத்துக்கு நடந்தே போய்விட்டாள். பழைய கட்டடத்தை இடித்துப் பல வருடமாகிறது, அங்கே இப்போது வண்டி நிறுத்துமிடம். எதிரே பஸ் நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தவளை ஒரு போலீஸ்காரம்மா கூட்டிவந்து விட்டார். சேதி கேட்டு அவள் மகன் ஓடிவந்தான். தூர ஊரில் என்ஜினீயர், ஒரே பிள்ளை. வரும்போது ஒரு சின்னப் பெட்டி கொண்டுவந்தான்.

"சித்தி, இது சாதாரண வாட்ச் இல்ல. அம்மா எங்க போனாலும் உங்க போன்லயும் என் போன்லயும் புள்ளியா காட்டும். நாடி எண்ணும். நீங்க இங்கேருந்து பேசினா அவங்களுக்குக் கேக்கும், அவங்க எதையும் அமுக்க வேண்டாம்."

அதைக் கட்டப் போனதும் அக்கா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "எந்த பேஷண்டோடது இது? முதல்ல போய்க் கையக் கழுவுங்க."

அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "ரெண்டு மாசம் பாப்போம் சித்தி. அது கையில நிக்கலன்னா அம்மாவ முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம். நல்ல இடம்தான், சொல்லி வச்சிருக்கேன்."

"எதுக்கு? நான் செத்தா போயிட்டேன்?"

"உங்களுக்கும் அறுபத்தெட்டு ஆகுது. அவங்க ரோட்டுல போனா நான் அங்கேருந்து என்ன பண்ணுவேன்?" என்று பெட்டியை என் கையில் திணித்தான். நல்லவன்தான், அவனைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அக்கா இல்லாத அந்த வீட்டில் நான் யாரோடு சண்டை போடுவது? அந்த வாட்ச் அவள் உடம்பில் நின்றாக வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

நான்காம் நாள் அதை ஸ்பூன்களோடு போட்டுக் கொதிக்கவைத்துவிட்டாள். இருபது நிமிடம், மூடி போட்டு. தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது என்று பெட்டியில் எழுதியிருந்ததுதான். எழுதியவர்களுக்கு என் அக்காவைத் தெரியாது. மகனிடம் தானாகக் கெட்டுப்போனது என்று அளந்துவிட்டேன். அவன் இன்னொன்று அனுப்பினான்.

இரண்டாவதை அவள் தண்ணீர் கேன் கொண்டுவருகிறவர் கையில் கட்டிவிட்டாள். நான் போனைப் பார்த்தால் புள்ளி மூன்று தெரு தாண்டிப் பறக்கிறது. வீட்டுச் செருப்போடு ஓடி, அவர் வண்டியை மறித்து நின்றேன். "ஒம்போதாம் நம்பர் பெட்டு, எழுந்து நடக்கக் கூடாதுன்னு சொல்லிக் கட்டிவிட்டாங்க. எதிர்த்துப் பேச பயமா இருந்துச்சும்மா" என்றார் அந்த மனிதர். அவருக்கு எடை நூறு கிலோ இருக்கும். சாயங்காலம் மகன் போன் செய்து, "அம்மா என்ன இவ்வளவு வேகமா போயிருக்காங்க?" என்று கேட்டான். பஸ்ஸில் போனோம் என்றேன். பொய் மேல் பொய்.

அவள் கணக்கு எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். கையில் பட்டை கட்டுவது நோயாளிக்கு. நர்ஸ் அதைக் கட்டிவிடுவாள், கட்டிக்கொள்ள மாட்டாள்.

அடுத்த வாரம் எனக்கு ஜுரம். யாரிடமும் மூச்சு விடவில்லை. மதியம் சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் விழுந்தவள்தான். நடுவில் விழிப்பு வந்தபோது வீடு அமைதியாக இருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். புள்ளி எங்கள் வீட்டின் மேலேயே நின்றது. அப்பாடா என்று திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன்.

போன் மணி எழுப்பியது. மகன்.

"சித்தி! அம்மாவுக்கு நாடி நூத்தி பதினாறு காட்டுது! தூங்கறாங்களா? தொட்டுப் பாருங்க!"

"இருடா, பாக்கறேன்" என்று எழுந்து கூடத்துக்குப் போனேன். இல்லை. சமையலறையில் இல்லை. குளியலறையில் இல்லை. போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றும்போதுதான் பார்த்தேன், வாட்ச் என் கையில் இருந்தது. ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு, நோயாளிக்குக் கட்டுகிற மாதிரி ஒழுங்காகக் கட்டியிருந்தாள். வீட்டின் மேல் நின்ற புள்ளி நான். நூற்றுப் பதினாறும் நான்.

"சித்தி? என்னாச்சு?"

வாட்ச் என் கையில் இருக்கிறது, அக்காவைக் காணவில்லை என்று சொன்னேன். 

அதற்குள் மருந்துக்கடை அம்மாவின் அழைப்பு குறுக்கே வந்தது. "அக்கா இங்கதான் இருக்காங்க, நல்லா இருக்காங்க. வீட்டுக்குப் போலாமான்னா, மூணாம் வார்டுக்கு வழி கேக்கறாங்க."

போனேன். கடை ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் ஜுர மாத்திரை ஒரு அட்டை, ஒரு தெர்மாமீட்டர். என்னைப் பார்த்து யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள். "ஒரு பொண்ணுக்கு ஜுரம் நெருப்பா கொதிக்குது. பாவம், கூட யாருமே இல்ல. அதான் நானே வந்தேன்."

கூட யாருமே இல்லாத அந்தப் பெண் நான்தான். கடையென்றும் பார்க்காமல் அழுதேன்.

மகன் அதற்கெல்லாம் மசியவில்லை. "எனக்கு மருந்து வாங்கத்தான்டா போனா" என்றேன். "போனாங்க. திரும்பி வரத் தெரியலையே சித்தி. நடுவுல அவ்ளோ பெரிய ரோடு. போதும், ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வர்றேன்" என்றான். போனை வைத்துவிட்டான். 

வியாழக்கிழமை அவள் உடுப்புகளை எடுத்து வைக்க இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு துணிப்பொதி. பிரித்தால் அந்தப் பழைய தலைகீழ்க் கடிகாரம். நின்று எத்தனையோ வருடமாகியிருக்கும். முந்தானையால் துடைத்தேன். பின்னால் வந்த அக்கா அதைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் குழந்தை மாதிரி, இடது தோளை முன்னால் கொண்டுவந்து நின்றாள். குத்திவிட்டேன். மோவாயைத் தாழ்த்திப் பார்த்தாள். "நின்னுபோச்சே. இத வச்சு எப்படி நாடி பாக்கறது?" என்றாள்.

என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். முப்பத்தாறு வருடம் கண்ணெதிரே தொங்கியது. நான் ஒரு மாதமாக அவள் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

புது வாட்சின் இரண்டு பட்டைகளையும் கழற்றினேன். பழைய கடிகாரத்தின் ஊக்கை எடுத்து, கெட்டித் துணியில் ஒரு சின்னப் பட்டி தைத்து, இரண்டையும் சேர்த்தேன். அவள் பார்த்தால் நேராகத் தெரிய எண்களைத் தலைகீழாகத் திருப்ப வேண்டுமே? கம்பெனிக்குப் போன் செய்தேன். ஒன்றை அமுக்கு, மூன்றை அமுக்கு என்று ஒரு இயந்திரம் ஏழு தடவை என்னை விரட்டியது. எங்கள் காலத்தில் போனை எடுத்தால் ஒரு மனுஷி பேசுவாள். கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள், நன்றாக இருக்கட்டும். கறுப்பு எண்கள், சிவப்பு நொடிமுள், எல்லாம் தலைகீழ்.

அக்காவுக்குக் குத்திவிட்டேன். மோவாயைத் தாழ்த்தி நொடிமுள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ம், ஓடுது" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் அதை அவள் தொடவேயில்லை. கொதிக்கவைக்கவும் இல்லை. சட்டையில் குத்துவதை யாராவது கொதிக்கவைப்பார்களா?

ஞாயிறு காலை மகன் வந்தான். அக்காவின் மார்பில் தொங்கியதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"அங்க இருந்தா நாடி எண்ணாது சித்தி."

"அவ நாடிய நான் கைய வச்சு எண்ணிக்கறேன்."

"எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா மட்டும் போதுமா? ரோட்டுல போய்ட்டே இருந்தா யார் நிறுத்தறது? நீங்க ஓடுவீங்களா?"

"ஓடினேன், தண்ணி கேன்காரர் பின்னால" என்று வாய்தவறி உளறிவிட்டேன். அதை வேறு விளக்க வேண்டியதாயிற்று. சமையலறையில் இரண்டு பேரும் வாய்க்கு வாய் பேசிக்கொண்டிருந்ததில், அவன் சூட்கேஸுக்காகத் திறந்துவைத்த வாசல் கதவை இருவருமே மறந்துபோனோம். கூடம் காலியாக இருந்தது.

போனில் புள்ளி பெரிய ரோட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவன் தன் போனை வாயருகே வைத்து, "அம்மா! நில்லுங்கம்மா! நான்தான்! வீட்டுக்கு வாங்க!" என்று கத்தினான். வண்டிச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் கேட்டது.

"டியூட்டி நேரத்துல வீட்டுப் போன் பேசறதில்ல."

புள்ளி நிற்கவில்லை. அவன் செருப்புக்கூடப் போடாமல் வெளியே ஓடினான். பெரிய ரோட்டுக்கு இன்னும் நூறு அடிதான். அவன் ஓடிப் போய்ச் சேருவதற்குள் அவள் இறங்கிவிடுவாள். என் போனை எடுத்தேன்.  தொண்டையைச் செருமிக்கொண்டு, பல வருடமாக வெளியே எடுக்காத குரலை எடுத்தேன்.

"வார்டு மூணா? எக்ஸ்சேஞ்ச்."

புள்ளி நின்றது.

"வார்டு மூணு. சொல்லுங்க."

"உங்க வார்டுல ஒரு பேஷண்ட் காத்துட்டிருக்காங்க. உடனே வரச் சொன்னாங்க. வந்த வழியே திரும்புங்க. இடது பக்கம் ரெண்டாவது தெரு, பச்சைக் கதவு. லைன்லயே இருங்க, நான் சொல்லிட்டே வர்றேன்."

"சரி."

புள்ளி திரும்பியது. "இப்ப தெரு வருதா?" "வருது." "திரும்பிட்டீங்களா?" "ஆச்சு." ஊரையே ஊரோடு இணைத்த முப்பது வருடத்தில் எந்த இணைப்புக்காகவும் நான் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை. பச்சைக் கதவு திறந்தது. அக்கா வந்தாள், வேலைக்குப் போகும் அந்தப் பழைய நடையில். பத்தடி பின்னால், வெறுங்காலோடு, இரைக்க இரைக்க மகன் வந்தான்.

"தகவலுக்கு நன்றி" என்று தன் மார்பைப் பார்த்துச் சொன்னாள். நேரே குழாயடிக்குப் போய் முழங்கை வரை கழுவினாள். "பேஷண்ட் எங்க?"

நான் அதை யோசித்தே வைத்திருக்கவில்லை. அதற்குள் மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் விழுந்திருந்த மகனை அவளே கண்டுபிடித்துவிட்டாள். அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மோவாயைத் தாழ்த்தி, உதடு மட்டும் அசைய, அரை நிமிடம் எண்ணினாள். அவன் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வழிந்தது. கையை மட்டும் இழுக்கவில்லை.

"வேகமா ஓடுது. ரொம்பப் பயந்திருக்கார். ஒண்ணும் இல்ல, சரியாப் போயிடும்" என்றாள். பிறகு நிமிர்ந்தாள். "கூட யார் இருக்கீங்க?"

"நான்தான்" என்றேன்.

என் முகத்தை உற்றுப் பார்த்தாள். தங்கை என்று தெரிந்து பார்த்தாளா, இல்லையா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா."

"அதான் கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கு" என்று என் தோளைத் தொட்டாள். "நான் டியூட்டில இருக்கேன். நீங்க போய்ப் படுங்க."

நான் அசையாமல் நின்றேன். "அம்மா சொல்றாங்கல்ல, போங்க சித்தி" என்றான் மகன், கையை அவளிடமே விட்டுவிட்டு. "நான் ஒரு வாரம் லீவு போடறேன். மாசா மாசம் வர்றேன்."

காலை பதினொரு மணிக்குப் போய்ப் படுத்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், எழுந்து நடக்கக்கூடாது என்று அவனை அவள் மிரட்டுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவன் தாழ்ந்த குரலில் அந்த இல்லத்துக்குப் போன் செய்து, இடம் வேண்டாம் என்று சொன்னான். நான்கு வருடத்தில் முதல் தடவையாக, வாசல் கதவைப் பூட்டினோமா என்று எழுந்து போய்ப் பார்க்காமல், நான் தூங்கிப்போனேன்.